நாலு மணி மூச்சு

மூன்றே முக்காலுக்குக் கிறிஸ்ரோபர் முகம் கழுவினார். கிணற்றடியில் வாளி கவிழ்த்து வைக்கப்படுவதும், கொடியிலிருந்து துவாய் இழுபடுவதும் குசினிக்குள் நின்ற றஜனிக்குக் கேட்டன. இனி அறைக்குள் போவார். நீலக் கோடு போட்ட சட்டையை எடுப்பார். மேலிருந்து கீழே பொத்தான் பூட்டிக்கொண்டு வருவார். கடைசிப் பொத்தானில் மூச்சு வாங்கும். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புவார். மூச்சு எடுக்கப் போகிற மனிசனுக்குச் சட்டை என்னத்துக்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. முப்பத்துநாலு வருடமாக இந்த வீட்டில் சாரத்தோடும் வெறும் மேலோடும்தானே மூச்சு எடுத்தார்.

“இலை அரைச்சு வைச்சிட்டியே?”

“மேசையிலை கிடக்கு.”

“பேணியை இறுக்கி மூடினியே? காத்துப் பட்டால் நமுத்துப்போம் எண்டு மச்சாள் சொன்னவ.”

“மச்சாள் சொன்ன பிறகு மூடாமல் விடுவனே?”

குத்தல் அவருக்குத் தைக்கவில்லை. பிஸ்கற் பேணியை எடுத்துக் காதடியில் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே இலை சரசரத்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படலையைத் திறந்தார். பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் போனால் கத்தரீனா வீட்டுக்குப் பதினைந்து அடி. அவர் ஒழுங்கையால் சுற்றித்தான் போவார். குனிந்தால் நெஞ்சு அடைக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். சட்டை கசங்கும் என்பது றஜனிக்குத் தெரிந்த காரணம்.

கத்தரீனா அவருக்குத் தாய்மாமன் மகள். இருபத்தாறு வருடம் ஜேர்மனியில் இருந்தவள். புருசன் அங்கேயே கண்ணை மூட, பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குப் போக, போன வருடம் குருநகருக்குத் திரும்பி வந்து தகப்பன் வீட்டைத் திருத்திக்கொண்டு இருந்தாள். வரும்போது இரண்டு பெட்டியும் ஒரு முட்டும் கொண்டுவந்தவள் என்று றஜனி சொல்லுவாள். நெஞ்சு இறுகி, ஒவ்வொரு மூச்சும் விசில் அடித்துக்கொண்டு வெளியே வருகிற வருத்தம் அது. கிறிஸ்ரோபருக்கும் அதுதான். அவர் இருபது வருடம் கடலட்டை குளித்தவர். கடலுக்கு அடியில் செலவழித்த மூச்சைக் கரையில் வைத்து மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த இரண்டு பெட்டியில் ஒன்றுக்குள்தான் மெசின் இருந்தது. மேசையில் வைக்கிற சாமான். சின்னப் பானை அளவு, வெள்ளி நிறம், மேலே ஒடுங்கிக்கொண்டு போகும். அதன் தலையில் ஒரு கிண்ணம். காய்ந்த இலைத்தூளை அதற்குள் போட்டு, மேலும் கீழும் பத்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் கம்பி வலை வைத்து மூட வேண்டும். ஆளியைப் போட்டால் சூடேறும். இலை எரியாது, புகை வராது. உள்ளே விசிறி இரைந்து சூட்டுக் காற்றை இலைக்குள்ளால் தள்ள, மேலே மாட்டியிருக்கும் மெல்லிய பை நெளிந்து நெளிந்து எழும்பி நிமிரும். பிறகு பையைக் கழற்றி, வாய்க்குழாயைப் பொருத்தி, ஆறுதலாக இழுக்க வேண்டியதுதான். முதல் நாள் பார்த்தபோதே அந்தப் பை எழும்பின விதம் றஜனிக்குப் பிடிக்கவில்லை. ஆரோ படுத்திருந்துவிட்டுச் சோம்பல் முறித்து எழும்புகிற மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவளும் கூடத்தான் போயிருந்தாள். கத்தரீனா வாசலுக்குக் கிட்ட ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, கையில் தேத்தண்ணியைக் கொடுத்தாள்.

“உனக்கு உது தேவையில்லைப் பிள்ளை. உன்ரை இரும்பு நெஞ்சு. நீ தேத்தண்ணியைக் குடி. மச்சான், நீர் இஞ்சாலை வாரும்.”

றஜனி புருசனை ஒருநாளும் ‘நீர்’ என்று கூப்பிட்டதில்லை. நீங்கள்தான், கோபத்திலும் நீங்கள்தான். இவள் வந்த மூன்றாம் நாளே நீர், வாரும், இரும். அவர்கள் இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் இருந்து மாறி மாறி இழுத்தார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வாய்க்குழாய் வேறு வேறு என்பதை றஜனி கவனித்து மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அவருக்கு நீல வளையம், அவளுக்கு வெள்ளை வளையம். சரி. பை ஒன்றுதானே. ஒரே பைக்குள் இருந்து வருகிற மூச்சுத்தானே. நோயில்லாத தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாசலடியில் இருந்தபோது, சாவீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி அவளுக்கு இருந்தது. அதற்குப் பிறகு போகவில்லை.

அக்காவின் மகன் சுரேஸ் ஒருநாள் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“சித்தி, உது வெளிநாட்டிலை கஞ்சா இழுக்கிற மெசின். நேவிக்காரன் கண்டானெண்டால் கத்தரீனா அன்ரியையும் சித்தப்பாவையும் ஒரே ஜீப்பிலைதான் ஏத்துவான்.”

“விசர்க் கதை கதையாதை. நொச்சியும் துளசியும் இழுத்தால் ஏன் ஏத்துறான்?”

பெடியன் போன பிறகும் அந்த ஜீப் அவளுடைய தலைக்குள்ளேயே நின்றது. கஞ்சா அவளுக்குப் பொருட்டில்லை. ஒரே ஜீப் என்றானே.

மெசின் வருவதற்கு முன்னர் அவருடைய மூச்சு அவளிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் தந்த, வாய்க்குள் அடிக்கிற பம்பு ஒரு பக்கம். அவள் வைக்கிற வேது ஒரு பக்கம். பெரிய பானையில் நொச்சியும் ஆடாதோடையும் கொதிக்க வைத்து இறக்கி, அவருக்கு முன்னால் வைத்து, போர்வையால் மூடுவாள். பானை சரியாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்று தானும் போர்வைக்குள் போய்விடுவாள். இரண்டு முகமும் ஒரே ஆவியில் வேர்த்து ஒழுகும். வெளியில் உலகம் என்று ஒன்று இருக்காது. “போதும், வெளியிலை விடு” என்று அவர் கெஞ்சுவார். “இன்னும் பத்து எண்ணுங்கோ” என்பாள். இப்போது அந்தப் பானையில் கோழிக்குத் தவிடு குழைக்கிறாள். “வேது வெறும் தண்ணி ஆவி. இதெண்டால் இலையின்ரை சாரம்” என்று அவர் சொல்லிவிட்டார். ஆர் சொல்லிக்கொடுத்த வசனம் என்று கேட்கவே தேவையில்லை.

சனிக்கிழமைகளில் காலையிலும் போவார். அன்றைக்கு மெசினைக் கழற்றிக் கழுவுகிற நாள். முன்பு வள்ளத்து எஞ்சினைக் கழற்றின அதே ஒழுங்கில் கழற்றுவார். கத்தரீனா பேப்பரை விரித்து ஒவ்வொரு பாகத்தையும் கழற்றின வரிசையில் அடுக்குவாள். வலைகளை ஸ்பிரிற்றில் ஊறப்போட்டு, பல்துலக்கிற பிரஸ்ஸால் உரஞ்சி, வெளிச்சத்தில் பிடித்து, கண் அடைத்திருந்தால் ஊசியால் குத்துவார். றஜனி வேலிப் பொட்டுக்குள்ளால் ஒருநாள் பார்த்தாள். இந்த வீட்டில் தான் குடித்த கோப்பையைக்கூடக் கழுவி அறியாத மனிசன், மெல்லிய சீலையால் அந்தக் கிண்ணத்தின் உட்புறத்தை அப்படித் துடைத்தார். பை கிழிந்தபோது ஜேர்மனியிலிருந்து புதியது வரும்வரை பொறுக்காமல், கிழிந்த பாதியை வெட்டி எறிந்து, மிச்சத்தைத் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலால் வரிந்து கட்டினவரும் அவர்தான். அன்றிலிருந்து பை பாதிதான். அந்தப் பாதிப் பையை முடிக்க அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு இழுவை வேண்டும்.

இவ்வளவுக்கும் இலை பிடுங்கிக் காயவைத்து அரைக்கிறவள் றஜனி. கத்தரீனாவின் வளவில் சீமெந்துதான், ஒரு செடி இல்லை.

அந்தக் கிழமை நெத்தலி அள்ளுகொள்ளையாகப் பட்டது. றஜனி கருவாடு காயப்போடுகிற வலைச்சட்டம் நாலிலும் நெத்தலிதான். செவ்வாய்க்கிழமை ஒரு சட்டம் வெறுமையாக, கழுவ அலுப்பில் அப்படியே இலையைப் பரப்பிவிட்டாள். மத்தியானம் அள்ளி அரைத்துப் பேணிக்குள் போடும்போதுதான் மூக்கில் அடித்தது. நொச்சி மணம் எங்கேயோ அடியில் கிடந்தது. மேலே முழுக்க நெத்தலிக் கருவாடு. தூளைக் கையில் அள்ளி மணந்து பார்த்தாள். கொட்ட வேண்டும். குப்பைக் கிடங்கு ஐந்து அடியில் இருந்தது. கத்தரீனாவின் வெள்ளைத் திரைச்சீலையும், மேசைவிரிப்பும், கருவாட்டு ஆவியில் நிமிர்ந்து எழும்பும் அந்தப் பையும் கண்ணுக்குள் வந்தன. “சீ, என்ன மச்சான் இது” என்று மூக்கைப் பொத்துகிற கத்தரீனாவும் வந்தாள்.

றஜனி மூடியை வைத்து, இரண்டு கையாலும் அமத்தினாள்.

அன்றைக்கு ஐந்தரைக்கு அவர் திரும்பி வந்தார். வழமைபோலச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். புதன்கிழமையும் போனார், வந்தார். வியாழக்கிழமை நாலேகாலுக்கு றஜனியால் வீட்டில் இருக்க முடியவில்லை. பொட்டுக்குள்ளால் புகுந்து போனாள்.

கத்தரீனாவின் பின்விறாந்தையிலேயே மணம் வந்துவிட்டது. சட்டியில் கருவாட்டைப் போட்டுவிட்டு மறந்துபோன வீடு மாதிரி. உள்ளே அவர்கள் இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கிறிஸ்ரோபர் பையை மடியில் வைத்துக் கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் பூசை கண்ட அமைதி.

“இண்டைக்கு நல்லா உள்ளுக்கை இறங்குது மச்சாள்.”

“றஜனியின்ரை கைப்பக்குவம்” என்றாள் கத்தரீனா. பிறகுதான் வாசலில் நிற்கிறவளைக் கண்டாள். “வா பிள்ளை. இரு.”

“உங்களுக்கு ஒண்டும் மணக்கேல்லையே?” அடக்க முடியாமல் றஜனி கேட்டுவிட்டாள்.

கிறிஸ்ரோபர் கண்ணைத் திறந்து கத்தரீனாவைப் பார்த்தார். றஜனியை அல்ல, கத்தரீனாவை.

“எங்களுக்கு ஏது பிள்ளை மூக்கு?” என்றாள் கத்தரீனா. “கொரோனாவோடை ரெண்டு பேருக்கும் மணமே போச்சுதே. இவர் உனக்குச் சொல்லேல்லையே?”

“உனக்கு ஏன் வீணாச் சொல்லி” என்று அவர் முணுமுணுத்தார். “வரும் வரும் எண்டு பாத்தன். வரேல்லை.”

கொரோனா வந்து எத்தனை வருடம். அன்றிலிருந்து அவள் வைத்த ஒவ்வொரு மீன் குழம்புக்கும், ஒவ்வொரு ஒடியல் கூழுக்கும் ‘நல்ல மணம், நல்லாயிருக்கு’ என்று சொல்லியே சாப்பிட்டவர். நேற்றும் சொன்னவர். இந்த வீட்டில், இந்த மேசையில், ஒரே பையோடு சேர்த்து ஒரே குறையையும் இரண்டு பேராகப் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சும் நல்லது, மூக்கும் நல்லது. அந்தக் கருவாட்டு மணத்துக்குள் அவள் மட்டும் தனியாக நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலமை அவருக்கு முட்டு இறுகியது. மத்தியானத்துக்குள் நாலு தரம் பம்பு அடித்தார். சுவரோடு தலையணையை நிமிர்த்தி வைத்து இருத்தி, றஜனி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கைக்கு அடியில் விலா எலும்புகள் ஏறி இறங்கின.

“மச்சாளிட்டைச் சொல்லு” என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று. “நாலு மணிக்கு... ஏலுமோ தெரியேல்லை.”

ஒன்பது மாதமாக அவள் காது கேட்கக் காத்திருந்த வசனம் அது. மூன்று நாள் உப்பும் மீனெண்ணெயும் சுட்டு அவருடைய நெஞ்சுக்குள் போயிருக்கிறது. போட்டவள் அவள். ஆருக்குச் சொல்ல?

இரண்டு மணிபோல மூச்சு இளகி அவர் கண்ணயர்ந்தார். றஜனி பேணியை எடுத்துக் குப்பைக் கிடங்கில் கொட்டினாள். அலுமாரிக்குள் இருந்த ஸ்பிரிற் போத்தலை எடுத்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் போனாள்.

கத்தரீனா மேசையடியில் இருந்தாள். மெசின் ஏற்கெனவே கழற்றிக் கிடந்தது. பேப்பரில் வலைகள் இரண்டும், கபிலமாகக் களிம்பு ஏறி.

“நானே ரெண்டு தரம் கழுவிப்போட்டன். போகுதில்லை” என்றாள். இருமினாள். “எண்ணெய்க் களிம்பு. நெத்தலிதானே?”

றஜனி போத்தலை மேசையில் வைத்தாள். “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கு மணம் தெரியும் றஜனி.”

“நேற்று இல்லையெண்டு சொன்னியள்.”

“அவருக்கு முன்னாலை சொன்னனான்.” கத்தரீனா ஒரு வலையை எடுத்து ஸ்பிரிற்றில் போட்டாள். “எனக்கு ஒரு மாசத்திலையே திரும்பி வந்திட்டுது. நான் இஞ்சை வந்த புதுசிலை அவர் இதிலை இருந்து அழுதவர். பெஞ்சாதி ஆசை ஆசையாச் சமைக்கிறாள், எனக்கு மண்ணும் மணக்குதில்லை, அவளுக்குச் சொன்னால் உடைஞ்சு போவாள் எண்டு. உனக்கும் அப்பிடியோ மச்சாள் எண்டு கேட்டவர். நான் என்ன சொல்லுறது? ஓம், எனக்கும் அப்பிடித்தான் எண்டன்.”

அழுதவர். முப்பத்துநாலு வருடத்தில், தாய் செத்தபோதும் றஜனிக்கு முன்னால் அழாதவர்.

“அப்ப செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும்.”

“முதல் இழுவையிலையே தெரியும். குடல் பிரட்டினது.”

“சொல்லியிருக்கலாமே! பையைத் தூக்கி எறிஞ்சிருக்கலாமே! மூண்டு நாள் அவரையும் இழுக்க விட்டு...”

“நீ மூடேக்கை மணக்கேல்லையே?”

“மணந்தது.”

“பேந்தென்ன?” கத்தரீனாவின் குரலில் கோபம் இருக்கவில்லை. மூச்சுத்தான் போதவில்லை. “சொன்னால் என்ரை மூக்குக் கதை வெளியிலை வரும். உன்ரை இலைக் கதையும் வரும். ரெண்டிலை எது வந்தாலும் அவர் பேந்து இஞ்சை வரமாட்டார். தனிய இருந்து இழுத்துப் பார், தெரியும். பை முடியிற சத்தம்தான் கேக்கும். உனக்கு ராத்திரியும் பகலும் பக்கத்திலை ஒரு மனிசன் கிடக்கிறார். எனக்கு இந்த ஒண்டரை மணித்தியாலம். அதுக்காகக் கருவாடென்ன, எதையும் இழுப்பன்.”

இப்படியும் ஒருத்தி தன்னைப் பார்த்து எரிந்துகொண்டு இருந்திருக்கிறாள் என்று றஜனிக்குத் தோன்றியது. அதில் ஒரு சந்தோசமும் வந்தது. அந்தச் சந்தோசம் வந்ததை அவள் விரும்பவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, மற்ற வலையை எடுத்து, பிரஸ்ஸால் உரஞ்சத் தொடங்கினாள். மீன் வெட்டுகிற கைக்குக் களிம்பு எடுக்கத் தெரியும். சாம்பலும் தேசிக்காயும் கேட்டு வாங்கித் தேய்த்து, மறுபடி ஸ்பிரிற்றில் போட்டு, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு கண்ணும் திறந்திருந்தது.

நாலு மணிக்கு முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நீலக் கோட்டுச் சட்டையில் கிறிஸ்ரோபர் நின்றார். கடைசிப் பொத்தான் பூட்டியிருக்கவில்லை.

“ஏலாது எண்டியள்?” என்றாள் றஜனி.

“இப்ப இளகியிட்டுது. எழும்பிப் பாத்தன், உன்னைக் காணேல்லை.” மேசையைப் பார்த்தார். “நீயே கழுவுறாய்?”

“ஏன், நான் கழுவினால் சூடேறாதோ?”

அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். கதிரையில் இருந்துகொண்டு, “இலை?” என்றார்.

“இலை நமுத்துப்போச்சு. கொட்டிப்போட்டன்.”

“பரவாயில்லை, என்னட்டைப் பூ கிடக்கு” என்று கத்தரீனா ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த, தேத்தண்ணிக்குப் போடுகிற காய்ந்த பூப் பொட்டலத்தை எடுத்தாள். கிண்ணத்தை நிரப்பி, வலையை வைத்து, ஆளியைப் போட்டாள். விசிறி இரைந்தது. பை நெளிந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. கழற்றி எடுத்தவள் அதை அவரிடம் நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“மச்சான், கழுவின ஸ்பிரிற் மணம் போச்சுதோ எண்டு முதல் பாக்கவேணும். எங்களுக்குத்தான் மூக்கில்லையே.” குரல் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. “றஜனி, நீ ஒருக்கா இழுத்துப் பார்.”

தன்னுடைய வெள்ளை வளைய வாய்க்குழாயைத் துடைத்துப் பொருத்திக் கொடுத்தாள். பை இவ்வளவு பாரமில்லாமல் இருக்கும் என்று றஜனி நினைக்கவில்லை. இளஞ்சூடாக, உயிருள்ள ஒன்றின் வயிறு மாதிரி மடியில் இருந்தது. வாயில் வைத்து இழுத்தாள். பூவின் மணம் முதலில் வந்தது, பிறகு மெல்லிய இனிப்பு. கருவாடு இல்லை, ஸ்பிரிற் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. நெஞ்சு திறந்துகொண்டே போனது. பையின் பக்கங்கள் உள்ளே விழுந்தன, ஒன்றோடொன்று ஒட்டின, தங்கூசி முடிச்சு வரைக்கும் சுருங்கி, ஒரே இழுவையில் முழுதும் முடிந்து, அவளுடைய மடியில் சப்பையாகக் கிடந்தது.

அவர்கள் இருவரும் பையைப் பார்க்கவில்லை. அவளுடைய நெஞ்சைப் பார்த்தார்கள். கிறிஸ்ரோபரின் வாய் பாதி திறந்திருந்தது. தெருவில் நின்று மற்றவன் வீட்டு மாடியைப் பார்க்கிறவனின் முகம். கத்தரீனாவின் விரல்கள் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

“என்னப்பா, சொல்லன்” என்றார் கிறிஸ்ரோபர். “ஏதும் மணக்குதே? எங்கள் ரெண்டு பேருக்கும் நீதானே சொல்லவேணும்.”

கத்தரீனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

றஜனி மூச்சை விடவில்லை. விட்டால் ஏதோ ஒன்று சொல்ல வேண்டிவரும். ஒழுங்கை முனையில் ஐஸ்கிறீம் வானின் பாட்டுத் தொடங்கி, வீட்டு வாசலைக் கடந்து, கடற்கரைப் பக்கமாகத் தேய்ந்து போனது. அவள் இன்னும் விடவில்லை.